சட்டையின் நிறம்: வேண்டாப் பண்புகளும் நினைவும் பற்றி ஒரு நீண்ட பதிவு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், தாராவியின் அறுபதடிச் சாலையில் நடந்து வந்துகொண்டிருந்த என் அம்மாவின் கையிலிருந்து கைப்பேசியைப் பறித்துக்கொண்டு ஒருவன் ஓடிவிட்டான். முறையிடச் சென்ற இடத்தில் (எந்த இடம் என்பது இங்கு வேண்டா) அம்மாவிடம் முதலில் கேட்கப்பட்டது, அவன் அணிந்திருந்த சட்டை என்ன நிறம் என்பது. அம்மாவால் சொல்ல இயலவில்லை. பறித்த கையின் கட்டைவிரல் நகம் கறுத்திருந்ததைச் சொன்னார். மணிக்கட்டில் கயிறு கட்டியிருந்ததைச் சொன்னார். சட்டையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. என்ன தொழில் செய்கிறாய் என்று அடுத்துக் கேட்டார்கள். 13-ஆம் காம்பவுண்டில் பங்கார் கோடவுன் ஒன்றில் பிளாஸ்டிக் பிரிக்கும் வேலை என்றார். கேட்டவர் சிரித்துவிட்டார். நாள் முழுதும் நிறம் நிறமாகப் பிரித்துப் போடுகிற பெண்ணுக்கு ஒரு சட்டையின் நிறம் தெரியாதா? “சரியாகப் பார்க்கவில்லை” என்று எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த அம்மா கைப்பேசி போனதற்கு வருந்தியதைவிட அந்த ஒரு வரிக்கே அதிகம் வருந்தினார். “பாக்காமலா நகம் கறுத்திருந்தது தெரிஞ்சுது?” என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா கேட்டது உளவியலில் நூற்றிருபது ஆண்டுப் பழமையுள்ள கேள்வி. ஒரு பொருளின் ஒரு பண்பை நாடிப் பார்க்கும்போது, நாடாத மற்றப் பண்புகள் என்னவாகின்றன? கண்ணுக்கே எட்டுவதில்லையா? எட்டியும் நினைவில் ஏறுவதில்லையா? ஏறியும் உடனே உதிர்ந்துவிடுகின்றனவா? கண்டதைச் சில நொடிகள் மனத்தில் ஏந்தி வைத்திருக்கும் ஆற்றலை இன்று காட்சிப் பணிநினைவு என்கிறோம். செய்யும் பணிக்குத் தொடர்பில்லாத நிறம், வடிவம், அளவு போன்றவற்றை இப்பதிவில் வேண்டாப் பண்புகள் என்று குறிப்பேன். மாணவர்கள் சிலர் இத்துறையின் வரலாற்றைத் தமிழில் எழுதும்படி கேட்டிருந்தனர். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தொடக்கம் 1904. ஜெர்மனியின் கீஸன் நகரில் கூடிய சோதனை உளவியல் மாநாட்டில் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆஸ்வால்ட் க்யூல்பே தாம் செய்த ஒரு சோதனையை எடுத்துரைத்தார். பொருளற்ற அசைகள் நான்கு, வெவ்வேறு நிறங்களில், வெவ்வேறு அமைப்புகளில் அடுக்கப்பட்டு, எட்டில் ஒரு நொடி அளவே காட்டப்பட்டன. காட்டும் முன்பே பார்ப்பவருக்கு ஒரு பணி தரப்படும்: எழுத்துகளை எண்ணுக, அல்லது நிறங்களைக் கூறுக, அல்லது அடுக்கப்பட்ட வடிவத்தைக் கூறுக, அல்லது எழுத்துகளையே கூறுக. தரப்பட்ட பணிக்குரிய விடை நன்றாக வந்தது. பணிக்குப் புறம்பானதைக் கேட்டபோது விடை தடுமாறியது. எழுத்தைத் தேடியவருக்கு அவ்வெழுத்தின் நிறம் தெரியாத நிலையும் வந்தது. நிறமில்லாத எழுத்தொன்று அந்த அட்டையில் இல்லை. ஆயினும் நிறமற்ற எழுத்து பார்த்தவர் மனத்தில் இருந்தது. மெய்யியலார் நெடுங்காலம் கருத்தளவில் மட்டும் பேசிவந்த பண்புப் பிரிப்பு, அதாவது ஒரு பொருளிலிருந்து ஒரு பண்பை மட்டும் உருவி எடுத்தல், ஆய்வுக்கூட மேசைமேல் நடந்துவிட்டது என்று க்யூல்பே கருதினார்.

இச்சோதனையை இன்று படிக்கும்போதும் எனக்கு வியப்பு குறைவதில்லை. அவர் நினைவைச் சோதித்தாரா, பார்வையைச் சோதித்தாரா என்ற ஐயம் மட்டும் அன்றே அதில் புதைந்திருந்தது. விடை சொல்வதற்குள் சில நொடிகள் கடந்துவிடுகின்றன. அந்தச் சில நொடிகளில் மறந்ததையும் முதலிலேயே காணாததையும் எங்ஙனம் பிரித்தறிவது?

நான்கு ஆண்டுகள் கழித்து, 1908இல், ஹார்வர்டில் பணியாற்றிய ஹ்யூகோ மூன்ஸ்டர்பெர்க் சாட்சிக் கூண்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் குடும்பம் கடற்கரைக்குச் சென்றிருந்தபோது நகரத்து வீட்டில் கள்வர் புகுந்தனர். திரும்பி வந்து பார்த்தவற்றை அவரே நீதிமன்றத்தில் ஆணையிட்டுச் சொன்னார். சொன்னவற்றுள் பல தவறு எனப் பின்னர் தெரிந்தது. கள்வர் நுழைந்த வழி, பொருளொன்றைச் சுற்றி வைத்திருந்த விதம் என்று சிறுசிறு செய்திகளில், நினைவையே ஆராயும் பேராசிரியர் ஒருவர் வழுவியிருந்தார். அதை மறைக்காமல் தம் நூலிலேயே எழுதியதற்காக அவரை மதிக்கிறேன். சட்ட அறிஞர்கள் அவரை எள்ளி நகையாடினர். போதிய சான்றின்றி நீதிமன்றத்துக்கு அறிவுரை கூற வந்துவிட்டார் என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் உண்டு. நமக்கு இதில் ஒரு நேர்த் தொடர்பும் இருக்கிறது. 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சோதனை உளவியலுக்கெனத் தனித்துறை தொடங்கியபோது அதன் பொறுப்பேற்ற நரேந்திரநாத் சென்குப்தா, ஹார்வர்டில் மூன்ஸ்டர்பெர்க்கிடம் பயின்றவர்.

பார்வையா, நினைவா என்ற வழக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் 1963. சார்லஸ் ஹாரிஸ், ரால்ஃப் ஹேபர் இருவரும் நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகிய மூன்று பண்புகள் கொண்ட படங்களைக் கணநேரம் காட்டினர். பார்த்தவர்கள் தமக்குள் அவற்றைச் சொல்லிக்கொண்ட முறையைக் கவனித்தனர். ஒரு சாரார் பொருள் பொருளாகச் சொல்லிக்கொண்டனர்: சிவப்பு விண்மீன் இரண்டு, நீல வட்டம் மூன்று. மற்றொரு சாரார் பண்பு பண்பாகச் சொல்லிக்கொண்டனர்: சிவப்பு, நீலம், இரண்டு, மூன்று, விண்மீன், வட்டம். பண்பு பண்பாகச் சொன்னவர்களால், முதன்மையானது எனக் குறிக்கப்பட்ட பண்பை முன்னே கொண்டுவந்து சொல்லிக்கொள்ள முடிந்தது. பின்தள்ளப்பட்ட பண்பு, அதைச் சொல்லும் முறை வருவதற்குள் மங்கிவிட்டது. பொருள் பொருளாகச் சொன்னவர்களிடம் இந்த ஏற்றத்தாழ்வு தோன்றவில்லை. அப்படியானால் வேண்டாப் பண்பு காணப்படாமல் போகவில்லை. வரிசையில் பின்னால் நின்றதனால் இழக்கப்பட்டது.

இதைப் படித்த அன்று அம்மாவின் வேலை எனக்குப் புதிதாய் விளங்கியது. கோடவுனில் முதற் பிரிப்பு நிறத்தால் அன்று. துண்டைத் தட்டிப் பார்ப்பார், வளைத்துப் பார்ப்பார், ஐயமிருந்தால் ஓரத்தைக் கொளுத்தி முகர்வார். எந்த வகைப் பிளாஸ்டிக் என்று அறிந்து குவித்த பின்னரே ஒவ்வொரு குவியலும் நிறத்தால் பிரிக்கப்படும். முதற் பிரிப்பு நடக்கையில் இப்போது கையிலிருந்து போனது என்ன நிறம் என்று நான் கேட்டால் அம்மா விழிப்பார். அதே அம்மா இரண்டாம் பிரிப்பில் இரு வகை வெள்ளைகளுக்கிடையே எனக்குத் தென்படாத வேறுபாட்டைக் காண்பார். நிறம் பிரிப்பவளுக்கு நிறம் தெரியாதா என்று சிரித்தவர், நிறத்தை அறிதல் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் விளக்கு என்று எண்ணிக்கொண்டார். அது முறை வந்தால் ஏற்றப்படும் விளக்கு.

அறுபதுகளுக்குப் பின் நிகழ்ந்தவற்றை விரைந்து கூறிவிடலாம். 1960இல் ஜார்ஜ் ஸ்பெர்லிங், கண நேரக் காட்சியின் பெரும்பகுதி ஒரு நொடிக்கும் குறைவாகவே தங்கிப் பின் அழிவதைக் காட்டியிருந்தார். 1974இல் பில்லிப்ஸ் என்பார் அந்தக் கண நேரத் தேக்கத்துக்கு அப்பால், அளவிற் சிறியதும் சில நொடிகள் நிலைப்பதுமான வேறொரு காட்சி நினைவு உண்டு என நிறுவினார். பணிநினைவு என்ற கொள்கையை பேட்லியும் ஹிட்சும் விரித்துரைத்ததும் அதே ஆண்டில்தான்.

பெரிய திருப்பம் 1997. அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் லக், எட்வர்ட் வோகல் இருவரும், பணிநினைவு ஏறத்தாழ நான்கு பொருள்களை ஏந்தும் என்றும், ஒவ்வொரு பொருளுக்கும் நிறம், சாய்வு, அளவு, இடைவெளி என நான்கு பண்புகள் இருந்தாலும் ஒரு பண்பு இருந்தாலும் சுமை ஒன்றே என்றும் அறிவித்தனர். மூட்டையை எண்ணினால் போதும், உள்ளிருப்பதை எண்ண வேண்டா என்பது இதன் சாரம். இது முழு உண்மையாயின், அம்மா அந்தக் கையை நினைவில் ஏற்றியபோது அதன் நகமும் கயிறும் நிறமும் ஒருசேர ஏறியிருக்க வேண்டும். சட்டை வேறு பொருளா, அதே மனிதன் என்னும் பொருளின் ஒரு பண்பா என்ற கேள்வியும் எழுகிறது. பொருள் எங்கே முடிகிறது என்று தெருவில் எவரும் கோடு போட்டு வைப்பதில்லையே.

முழு உண்மையன்று என்பது விரைவில் தெரிந்தது. பண்புகள் கூடக்கூடச் சுமையும் கூடுவதைப் பிறர் கண்டனர். 2009இல் ஜான் செரன்ஸஸும் உடன் ஆய்ந்தோரும், கோடுகளின் நிறத்தை மட்டும் அல்லது சாய்வை மட்டும் நினைவில் வைக்கச் சொல்லி மூளையின் முதற் காட்சிப் புறணியை அளந்தனர். நினைவிற் கொள்ளப்பட்ட பண்பின் தடமே அங்கு நீடித்திருந்தது. மறுபுறம், சீனாவின் ஹாங்ஜோ நகரில் உள்ள ஜேஜியாங் பல்கலைக்கழகத்தினர், எளிதில் கண்ணில் படும் வேண்டாப் பண்புகள் தாமாகவே ஏறிவிடுகின்றன என்றும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும் நுணுக்கங்கள் ஏறுவதில்லை என்றும் காட்டினர். 2013இல் மார்ஷலும் பேஸும், வேண்டாப் பண்பு வேண்டாமலே ஏறி, வேண்டியதன் துல்லியத்தையும் குறைக்கிறது என்றனர். இரு தரப்பும் சோதனைகளோடு நிற்கின்றன. மாணவர்கள் தேர்வுத்தாளில் ஒரு தரப்பை மட்டும் எழுதிவிட்டு வருவது வருத்தமளிக்கிறது.

இவ்விரு தரப்புக்கும் இடையே காலத்தை வைத்துப் பார்த்த ஆய்வொன்று நம் நாட்டவர் பங்கேற்றது. 2011இல் ராபர்ட் லோகி, ஜேம்ஸ் பிராக்மோல் ஆகியோருடன் இந்திய உளவியலாளர் ஸ்நேஹலதா ஜஸ்வால் வெளியிட்டது அது. வடிவமும் நிறமும் எங்ஙனம் இணைந்திருந்தன என்பதை நினைவில் வைக்க வேண்டும். இடம் வேண்டாப் பண்பு. முதற் காட்சிக்கும் சோதனைக் காட்சிக்கும் இடையே இடங்களைக் கலைத்துப் போட்டனர். இவ்வாறே வடிவத்தையும் நிறத்தையும் முறையே வேண்டாப் பண்பாக்கிக் கலைத்தனர். இடைவேளை குறுகியதாயின் கலைப்பு பெரிதும் இடறியது. இடத்தைக் கலைத்தல் மிகுதியாக, அடுத்து வடிவம், அதற்கும் அடுத்து நிறம். இடைவேளை நீண்டபோது எதைக் கலைத்தாலும் இடறல் இல்லை. வேண்டாப் பண்பு முதலில் உள்ளே வருகிறது. சிறிது நேரத்தில் வெளியேற்றப்படுகிறது. உண்டா இல்லையா என்று கேட்டுவந்தோர், எப்போது என்று கேட்டிருக்க வேண்டும்.

எப்போது என்பதை மும்பையில் விளக்க எனக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படுவதில்லை. செம்பூரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் கீழ்த்தளத்திலிருந்து நாள்தோறும் ஒரு சாப்பாட்டு டப்பா போகும். 1890இல் மகாதேவ் ஹாவாஜி பச்சே தொடங்கியதாகச் சொல்லப்படும் டப்பாவாலாக்களின் முறையில், மூடியின் நடுவே பெரிய எண் ஒன்று, சேரவேண்டிய பகுதியைக் குறிக்கும். ஓரத்தில் கொண்டுசேர்ப்பவரின் எண், கட்டடத்தின் எழுத்துகள், மாடியின் எண். நிறமும் வடிவமும் சேர்ந்த ஓர் அடையாளம், டப்பா புறப்பட்ட நிலையத்துக்கு உரியது. போகும் வழியில் நடைமேடையில் அமர்ந்து பிரிப்பவருக்கு நடு எண் ஒன்றே போதும். ஓரத்து எழுத்துகள் அவருக்கு வேண்டாப் பண்பு. அவ்வெழுத்துகள் இறுதியில் மாடி ஏறுபவருக்கானவை. நிறமும் வடிவமும் மாலை திரும்புகையில்தான் வாய் திறக்கும். மூடியில் எழுதப்படாத நெளிவும் கீறலும் எவருக்கும் தேவையில்லை. ஆனால் கீழ்வீட்டு அத்தை தம் டப்பாவை நெளிவைக் கொண்டே அறிவார். ஒரே மூடியில் எது வேண்டியது, எது வேண்டாதது என்பது அதைப் பிடித்திருக்கும் கையைப் பொறுத்தது.

இவ்விடத்தில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ நான் பேசப்போகும் கூட்டங்களில் யாரேனும் ஒருவர் எழுந்து, “நம் அவதானிகள் நூறு செய்திகளை ஒருங்கே நினைவில் வைத்தார்களே, நான்கு என்கிறீர்களே” என்று கேட்பது வழக்கம். கேள்வி நல்ல கேள்விதான். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்தினார். அதற்கு இருபது ஆண்டுகள் முன்னர், 1887இல், இதே பம்பாயின் ஃப்ராம்ஜி காவஸ்ஜி மன்றத்தில் பத்தொன்பது வயதினரான ராய்சந்த்பாய் நிகழ்த்தினார். காந்தியடிகள் 1891இல் சந்தித்துப் பின்னர் வழிகாட்டியாக மதித்த அதே ராய்சந்த்பாய். வெவ்வேறு அளவுள்ள ஏறக்குறைய ஒரு டஜன் நூல்களைக் காட்டிப் பெயர்களைப் படித்துச் சொன்னபின், கண்ணைக் கட்டிக்கொண்டு கையால் தடவியே ஒவ்வொன்றின் பெயரையும் அவர் கூறியதாக அவர் வரலாறு சொல்கிறது. நூலின் பெயரை அறிய விரும்புபவருக்கு அதன் பருமன் வேண்டாப் பண்பு. அவருக்கோ அதுவே உயிர்நாடி. பின்னர்த் தடவித்தான் சொல்லவேண்டும் என்று அவர் அறிவார். அவதானத்தில் முதுகில் விழும் கல்லும் ஒலிக்கும் மணியும் கவனத்தைக் கலைக்க வருபவையாகத் தோன்றும். ஆனால் அவை எண்ணப்பட வேண்டியவை என்பது முன்னரே அறிவிக்கப்பட்டது. அந்தக் கலையில் வேண்டாதது என்று எதுவுமே இல்லை. பயிற்சியின் பெருமை எல்லாவற்றையும் வேண்டியதாக்கிக்கொள்வதில் உள்ளது. சபையில் மூன்றாம் வரிசையில் இருந்தவரின் தலைப்பாகை நிறத்தைச் சொல்லும் என்று திடீரெனக் கேட்டிருந்தால் அது வேறு சோதனை ஆகியிருக்கும். பெருமை பேசுவதற்காக அவதானிகளை இந்த வழக்கில் சாட்சியாக இழுப்பது, அவர்கள் கலைக்கும் நியாயம் செய்வதாகாது.

திடீரெனக் கேட்கும் சோதனை 2015இல் வந்தது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹுய் சென், பிராட் வைபிள் இருவரும் செய்தது. திரையில் நான்கு குறிகள் தோன்றும்; மூன்று எண்கள், ஓர் எழுத்து; ஒவ்வொன்றும் ஒரு நிறம். எழுத்து எந்த மூலையில் இருந்தது என்று மட்டும் சொல்ல வேண்டும். எளிய பணி. நூற்றுக்கும் மேற்பட்ட முறை இதைச் செய்தபின், முன்னறிவிப்பின்றி, இப்போது கண்ட எழுத்து எது, அதன் நிறம் என்ன என்று நான்கு விடைகளைக் கொடுத்துக் கேட்டனர். பெரும்பாலோர் திகைத்தனர், விடைகள் ஊகத்தின் அளவிலேயே இருந்தன. நிறம் தெரியாதது பெரிதன்று. அந்த எழுத்தை எழுத்தென்று அடையாளம் கண்டுதானே மூலையைச் சொன்னார்கள்? அப்படிக் கண்ட எழுத்தே ஒரு நொடிக்குள் கையை விட்டுப் போயிருந்தது. அடுத்த முறை அதே கேள்வியை எதிர்பார்த்திருந்தபோது பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். கண்ணிலோ ஆற்றலிலோ குறையில்லை. கேட்பார்கள் என்று தெரியாததால் வைத்துக்கொள்ளவில்லை.

க்யூல்பே விட்டுச்சென்ற ஐயத்துக்கு இது ஒருபகுதி விடை என்பது என் கருத்து. சொல்ல இயலாமை காணாமைக்குச் சான்றாகாது. கண்டது மட்டுமல்ல, பயன்படுத்தியதுகூடச் சொல்லப்படாமல் போகலாம்.

இதனை இந்தியச் சட்டம் ஆய்வுக்கூடங்களுக்கு முன்பே ஓரளவு ஏற்றிருந்தது என்பதைச் சட்ட மாணவர்கள் அறிவார்கள். 1983ஆம் ஆண்டின் பார்வாடா போகின்பாய் ஹிர்ஜிபாய் எதிர் குஜராத் மாநிலம் என்னும் வழக்கில், நீதிபதி எம். பி. தக்கர் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, சாட்சியின் மனம் ஒளிப்பதிவுக் கருவியன்று என்றும், ஒருவர் மனத்தில் பதிந்தது மற்றொருவர் கவனத்துக்கே வராமல் போகலாம் என்றும், அடிப்படையைத் தொடாத சிறு முரண்பாடுகளுக்காகச் சாட்சியத்தைத் தள்ளலாகாது என்றும் காரணங்களை வரிசைப்படுத்துகிறது. லக்–வோகல் கட்டுரைக்குப் பதினான்கு ஆண்டுகள் முந்தியது. இத்தீர்ப்பை வழக்கறிஞர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அது எட்டுவது நீதிமன்றம் வரை வந்துசேரும் வழக்குகளை. அம்மாவைப் போன்றோரின் சாட்சியம் அதற்கு நெடுந்தொலைவு முன்பே, ஒரு மேசையில், ஒரு வரியில் முடிந்துபோகிறது.

சென்ற பொங்கல் விடுமுறையில் சென்–வைபிள் சோதனையைப் போன்ற ஒன்றை மடிக்கணினியில் அமைத்து அம்மாவைச் செய்யச் சொன்னேன். இது ஆய்வன்று, வீட்டு விளையாட்டு. யாரும் இதை மேற்கோள் காட்டிவிட வேண்டா. ஐம்பது முறை மூலையைச் சரியாகக் காட்டினார். பின்னர் நிறத்தைக் கேட்டேன். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “சொல்லவே இல்லியே நீ” என்றார். அடுத்த முறை கேட்டபோது எழுத்தையும் நிறத்தையும் சேர்த்தே சொன்னார். பிறகு கணினியை மூடிவிட்டு எழுந்து போகையில், “அந்தப் பய இன்னொரு தரம் வந்து பறிச்சிருந்தான்னா சட்டையப் பாத்துருப்பேன்” என்றார்.